திருமலையின் தங்கப் பல்லி

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் மக்கள் ஏறி இறங்குகின்றனர். அலிபிரியிலிருந்து செல்லும் படிவழி பன்னெடுங்காலமாக இருந்து வருகிறது. வண்டிகள் செல்லத்தக்க சாலை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இத்துணை மக்கள் நடமாட்டத்துக்கு அருகில் வாழும் ஒரு பிராணி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் விஞ்ஞானிகளின் பார்வைக்கு ஏறக்குறைய எட்டாமலே இருந்தது என்றால் நம்புவது கடினம். அது மங்கிய நிறம் கொண்டு சருகுகளிடையே மறைந்து வாழும் பிராணியும் அன்று. பொன்னைப்போல் மின்னும் ஒரு பல்லி அது. தெலுங்கு பேசும் மக்கள் அதனை 'பங்காரு பல்லி' என்பர். தமிழில் தங்கப் பல்லி எனலாம்.

அது எவ்வாறு மறைந்திருந்தது, எங்கே வாழ்கிறது, எவ்வாறு இனம் பெருக்குகிறது என்பவற்றை அறிந்தால், ஒரு பிராணியைக் காப்பதற்கு அதன் உருவத்தை மட்டும் அறிந்தால் போதாது என்பதும், அதன் பழக்கங்களை அறிதல் இன்றியமையாதது என்பதும் தெளிவாகும்.

பெயரும் வரலாறும்

சென்னை மாகாணத்தின் வனத்துறையில் உயர் பதவி வகித்த ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் (1830–1911) என்பவர் தாவரங்களையும் ஊர்வனவற்றையும் ஒருங்கே ஆராய்ந்தவர். தென்னிந்தியாவின் தவளைகள், பாம்புகள், பல்லிகள் பலவற்றை முதன்முதலில் விவரித்தவர் அவரே. திருப்பதி மலையில் கிடைத்த இப்பல்லியை 1870-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். அக்காலத்தில் திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். திருப்பதி தனி மாவட்டமானது 2022-இல்.

'அழகிய விரல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'கலோடாக்டிலஸ்' என்று இதன் பேரினத்துக்குப் பெயரிட்டார் பெட்டோம். 'பொன்னிறமுடையது' என்று பொருள்படும் 'ஆரியஸ்' என்னும் லத்தீன் சொல்லை இனப்பெயராக வைத்தார். பேரினப் பெயர் வேறொரு பிராணிக்கு முன்பே சூட்டப்பட்டிருந்தமையால், பிற்காலத்தில் அது 'கலோடாக்டிலோடெஸ்' என மாற்றப்பட்டது. நிறத்துக்கு முன்பாக விரலையே பெயரில் வைத்தது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

பெட்டோமுக்குப் பின் இப்பல்லியைப் பற்றிய புதிய செய்தி அரிதாயிற்று. நூல்களில் பெயர் நின்றதேயன்றி, உயிருள்ள பல்லியைக் கண்டு எழுதியவர் இலர் எனலாம். 1986-ஆம் ஆண்டில் ஜே. சி. தானியேல், பரத் பூஷண், ஏ. ஜி. சேகர் ஆகியோர், கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆந்திரப் பகுதியில் இப்பல்லி மீண்டும் காணப்பட்ட செய்தியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். முதல் விவரணத்துக்கும் இதற்கும் இடையே 116 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே ஆண்டு ஜனவரியில் அண்டை மாவட்டமான கடப்பையிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1900-க்குப் பின் எவரும் காணாத, அழிந்துபோயிற்று என்றே பலரும் கருதிய ஜெர்டன் கோர்சர் என்னும் பறவை அங்கே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பறவை, பல்லி ஆகிய இரண்டும் இரவில் இயங்குபவை. பகலில் தேடியவர்களுக்கு அவை அகப்படாமற் போனதில் வியப்பில்லை.

பாறையும் உறைவிடமும்

தங்கப் பல்லி மண்ணிலோ மரத்திலோ வாழும் பிராணியன்று, பாறையில் வாழ்வது. திருமலையின் பாறை அமைப்பு புவியியலிலும் புகழ்பெற்றதாகும். அடியில் மிகப் பழைய கருங்கல் பாறையும், அதன்மேல் படிவுப் பாறையான நகரி குவார்ட்சைட்டும் அமைந்துள்ளன. கீழ்ப்பாறை உருவான காலத்துக்கும் மேற்பாறை படியத் தொடங்கிய காலத்துக்கும் இடையே ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகள் கழிந்தன என்பர். மலைச்சாலையின் ஓரத்தில் இவ்விரு பாறைகளும் ஒன்றையொன்று தொடும் எல்லையைக் கண்ணாலேயே காணலாம். அவ்விடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.

குவார்ட்சைட் மிகக் கடினமான பாறை. எனினும் அது அடுக்கடுக்காகப் படிந்தும், செங்குத்தாக வெடித்தும் இருப்பதால் எண்ணற்ற இடுக்குகளும், முன்னோக்கி நீண்ட பாறைக் கூரைகளும், சிறு குகைகளும் அதில் தோன்றியுள்ளன. மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கிப் பாறையின் அடியில் கசிகிறது. மலையிலுள்ள தீர்த்தங்கள், சுனைகள், ஓடைகள் ஆகியவற்றின் கரையில் இத்தகைய குளிர்ந்த, ஈரமான, நிழல் சூழ்ந்த பாறை முகங்கள் பல உள்ளன. கோடையில் அடிவாரத்தின் வெப்பம் 40 பாகைக்கு மேல் செல்லும் நாள்களிலும், ஓர் ஆழ்ந்த பாறை இடுக்கின் உட்புறம் குளிர்ந்தே இருக்கும். தங்கப் பல்லி பெரிதும் விரும்பி வாழ்வது இத்தகைய இடங்களிலேயாம்.

பகலில் அது இடுக்கினுள் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றேல் நிழலான பாறையின் கீழ்ப்புறத்தில் அசையாதிருக்கும். இருட்டியபின் வெளியே வந்து பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்னும். மலையேறும் மக்கள் பாதையில் நடக்கின்றனர். பல்லியோ பாதையிலிருந்து சில கெஜ தூரத்தில், பாறையின் உட்புறத்தில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதுவே அது நெடுங்காலம் மறைந்திருந்ததன் இரகசியம்.

பழக்கம் தெரிந்தபின் தேடுவதும் எளிதாயிற்று. திருமலையில் மட்டுமே வாழ்வது என எண்ணப்பட்ட இப்பல்லி, கிழக்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே பாபிகொண்டலு மலைகளிலும், ஒரிசாவின் மலைகளிலும், தெற்கே தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியிலும் பின்னர்க் காணப்பட்டது. தேடும் முறை மாறியதும் தெரிந்த எல்லையும் விரிந்தது.

உருவமும் நிறமும்

வளர்ந்த தங்கப் பல்லி வாலுடன் ஏறக்குறைய 15 முதல் 18 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வீட்டுச் சுவரில் காணும் பல்லியினும் இது பெரியது. தலையும் உடலும் சற்றே தட்டையானவை. இவ்வடிவம் குறுகிய இடுக்கில் நுழைவதற்கு ஏற்றது.

எல்லாப் பல்லிகளும் எப்போதும் பொன்னிறமாக இரா. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லியே ஒளிரும் மஞ்சள் நிறம் பெறுகிறது. பெண் பல்லியும் குஞ்சுகளும் பழுப்பு நிறமும் புள்ளிகளும் கொண்டு பாறையின் நிறத்தோடு இயைந்திருக்கும். பொன்னிறத்தை மட்டும் அடையாளமாகக் கொண்டு தேடுபவர், கண் முன்னிருக்கும் பெண்ணையும் குஞ்சையும் வேறு இனம் எனத் தவறாக எண்ணக்கூடும். கள ஊழியர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். நிறத்தைவிட நம்பத்தக்க அடையாளம் விரல்களே. ஒவ்வொரு விரலின் நுனியும் சிறு விசிறிபோல் அகன்று, அடிப்புறத்தில் இரு கூறான திண்டுகளைக் கொண்டிருக்கும். பெட்டோம் இதனை 'அழகிய விரல்' என்றழைத்தது இதனாலேயே.

ஒட்டும் விரல்கள்

பல்லி சுவரில் எவ்வாறு ஒட்டுகிறது? பசையினால் என்றும், உறிஞ்சும் கிண்ணங்களால் என்றும் முன்பு பலர் கருதினர். பல்லியின் விரலில் பசை சுரக்கும் சுரப்பி இல்லை. காற்று நீக்கிய இடத்திலும் அதன் பாதம் ஒட்டுகிறது. ஆகவே இவ்விரண்டு விளக்கங்களும் பொருந்தா.

டோக்கே என்னும் பெரிய பல்லியைக் கொண்டு அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் 2000-இலும் 2002-இலும் வெளிவந்தன. அப்பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் நுண்மயிர்கள் உள்ளன. ஒரு நுண்மயிரின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் நுனி மேலும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் முனையும் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலமே உள்ளது. இவ்வளவு நுண்ணிய முனைகள் சுவரை மிக நெருங்கித் தொடும்போது, மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள மெல்லிய ஈர்ப்பு விசை செயற்படுகிறது. இவ்விசை, 1910-இல் நோபல் பரிசு பெற்ற டச்சு நாட்டு அறிஞர் வான் டெர் வால்ஸின் பெயரால் வழங்குகிறது.

தனியொரு முனையின் ஈர்ப்பு அற்பமானது. பல கோடி முனைகளின் ஈர்ப்பு சேர்ந்தால் பெரிது. டோக்கேயின் நான்கு பாதங்களிலும் உள்ள நுண்மயிர்கள் அனைத்தும் ஒருங்கே முழுமையாக ஒட்டினால் ஏறக்குறைய 130 கிலோகிராம் எடையைத் தாங்கும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பல்லியின் எடையோ சில பத்து கிராம்களே. உயிர் பிரிந்த பல்லியின் பாதமும் ஒட்டும் என்பது சோதனையில் தெரிந்தது. ஒட்டுதல் தசையின் முயற்சியால் நிகழ்வதன்று, அமைப்பினால் நிகழ்வது.

இவ்வளவு வலிமையாக ஒட்டும் பாதத்தைப் பல்லி நொடிக்குப் பலமுறை எடுத்து வைப்பது எவ்வாறு? விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி எடுப்பதே அதன் உபாயம். ஒட்டிய காகிதத்தை ஒரு மூலையிலிருந்து உரிப்பது எளிது. முழுவதையும் ஒரே இழுப்பில் பெயர்ப்பது கடினம். பல்லி செய்வது முன்னதையே.

இமையற்ற கண்

தங்கப் பல்லிக்கு அசையும் இமைகள் இல்லை. ஒளி ஊடுருவும் தோல் ஒன்று கண்ணை நிலையாக மூடியுள்ளது. அதில் தூசி படிந்தால் பல்லி தன் நாவினால் நக்கித் துடைத்துக்கொள்ளும். வீட்டுப் பல்லியிலும் இதனைக் காணலாம்.

இருளில் மனிதனுக்கு நிறம் தெரிவதில்லை. மங்கிய நிலவொளியில் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் நமக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். ஆப்பிரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வாழும் ஓர் இரவுப் பல்லியைக் கொண்டு சுவீடனில் நடந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. மங்கிய நிலவொளிக்கு ஒப்பான வெளிச்சத்திலும் அப்பல்லி நிறங்களை வேறுபடுத்தியறிந்தது. நிறம் காணும் திறனில் அதன் கண் மனிதக் கண்ணைவிட 350 மடங்கு நுட்பமுடையது எனக் கணக்கிடப்பட்டது. ஆகவே, இரவில் இயங்கும் பிராணிக்குப் பொன்னிறம் வீண் என்று எண்ணுவது சரியன்று. நமக்கு இருளாகத் தோன்றுவது அதற்கு இருளாக இராது.

பொது முட்டைச் சுவர்

தங்கப் பல்லியின் வாழ்க்கையில் யாவற்றினும் வியக்கத்தக்கது அது முட்டையிடும் முறையாகும்.

வேலியில் காணும் ஓணான் மண்ணைத் தோண்டி மெல்லிய தோலுடைய முட்டைகளைப் புதைக்கிறது. மண்ணின் ஈரம் இன்றேல் அம்முட்டைகள் வற்றிவிடும். தங்கப் பல்லியின் முட்டையோ சுண்ணாம்பு ஓடு கொண்டது. ஓர் ஈட்டில் இரண்டு முட்டைகளே உண்டு. இடப்படும்போது அவற்றின் ஓடு மென்மையாகவும் ஒட்டும் தன்மையுடனும் இருக்கும். பாறையோடு பொருந்திய பக்கம் தட்டையாகி ஒட்டிக்கொள்ள, ஓடு காற்றுப்பட்டுக் கெட்டியாகிவிடும். அதன்பின் முட்டையை உடைக்காமல் பெயர்த்தெடுப்பது அரிது. வன்மையான ஓடு நீரை எளிதில் வெளிவிடாமையால், மண்ணின் துணையின்றியே பாறையின் மேல் கரு வளர்கிறது.

பெண் பல்லிகள் பல, தனித்தனி இடங்களை நாடாமல், ஒரே பாறை முகத்தில் வந்து முட்டையிடுகின்றன. முன்பு இட்ட முட்டைகளின் அருகிலேயே புதியவை ஒட்டப்படுகின்றன. இவ்வாறு ஒரு பாறைக் கூரையின் கீழ்ப்புறத்தில் பல பத்து முட்டைகள் நெருங்கிப் பதிந்திருக்கும். குஞ்சு வெளிவந்தபின் ஓட்டின் மேற்பகுதி உதிர்ந்துவிட, பாறையோடு ஒட்டிய அடிப்பகுதி வெண்ணிற வளையமாக நெடுங்காலம் நிற்கிறது. அவ்வளையங்களுக்கு இடையே அடுத்த பருவத்தின் முட்டைகள் வந்து சேர்கின்றன. ஆகவே ஒரு நல்ல முட்டைச் சுவர் பல ஆண்டுகளின் பதிவேடு போன்றது.

பல்லிகள் இவ்வாறு கூடுவதற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, மழையும் வெயிலும் படாததும், எறும்பும் பாம்பும் எளிதில் எட்டாததுமான பாறை முகங்கள் மிகச் சிலவே. ஆதலால் பலரும் ஓரிடத்தை நாட நேர்கிறது. மற்றொன்று, பழைய ஓடுகள் புதிய தாய்க்கு ஒரு சான்றாக அமைகின்றன. முன்பு குஞ்சுகள் நன்கு பொரித்த இடம் இப்போதும் பொரிக்கத் தக்கதாகவே இருக்கும். இவ்விரண்டும் ஒருங்கே செயற்படவும் கூடும்.

இதிலிருந்து ஓர் எளிய கணக்குத் தோன்றும். ஒரு சுவரில் 60 முட்டைகள் இருந்தால் அவை 30 ஈடுகள். அந்த ஒரு சுவரைக் கெடுத்தால் 30 ஈடுகளும் ஒரே நாளில் அழியும். பல்லிகள் காடு முழுவதும் பரவியிருந்தாலும், அவற்றின் அடுத்த தலைமுறை சில பாறை முகங்களிலேயே தங்கியிருக்கிறது. ஒரு பிராணியின் பலமாக உள்ள பழக்கமே அதன் பலவீனமாகவும் ஆவதற்கு இது தக்க உதாரணம்.

கடலுக்கு அப்பால் ஓர் உறவு

இப்பேரினத்தில் உலகத்தில் அறியப்பட்ட இனங்கள் இரண்டே. ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தங்கப் பல்லி. மற்றொன்று இலங்கையின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளிலுள்ள காடுகளில், பெரும் பாறைகளிலும் குகைகளிலும் வாழ்கிறது. அதனை 1953-இல் தெரணியகல என்னும் இலங்கை அறிஞர் விவரித்தார். அவ்வினத்தில் ஆணின் தொண்டை மட்டும் மஞ்சள் நிறமாயிருக்கும். அதுவும் கூட்டமாகப் பாறையில் முட்டைகளை ஒட்டுகிறது.

வீட்டுப் பல்லிகளுள் சில இனங்கள் கப்பல், படகு, சரக்குப் பெட்டி ஆகியவற்றோடு சென்று உலகின் பல துறைமுகங்களில் குடியேறியுள்ளன. வன்மையான ஓடுடைய முட்டைகள் மரத்துண்டில் ஒட்டிக் கடலையும் கடக்கவல்லவை. ஆனால் பாறையில் ஒட்டிய முட்டை பயணம் செய்வதில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள கடல் ஆழமற்றது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில் கடல் மட்டம் இப்போதுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதுபோன்ற காலங்களில் இரு நிலங்களும் இணைந்திருந்தன. கடல் விலகியிருந்த காலத்திலும் பல்லிக்குப் பாறை தேவை. சமவெளியின் நடுவே நிற்கும் ஒவ்வொரு பாறை மலையும் அதற்கு ஒரு தீவே. ஒரு தீவு அழிந்தால் அங்கு வாழ்ந்த பல்லிகள் அடுத்த தீவுக்கு எளிதில் குடிபெயர இயலாது.

பல்லியும் மக்கள் நம்பிக்கையும்

பல்லியைப் பற்றித் தமிழ் மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகள் பல. பல்லி சொல்லும் பலனும், அது உடலில் விழும் பலனும் பஞ்சாங்கங்களில் அட்டவணையாகவே அச்சிடப்படுகின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பொன்னும் வெள்ளியும் போர்த்த பல்லி உருவங்களைத் தொட்டு வணங்குவது வழக்கம். திருப்பதிக்குச் செல்லும் வழியில் அவ்வுருவங்களைத் தரிசித்தவருள் பலர், திருமலையின் பாறைகளில் உண்மையான பொன்னிறப் பல்லி வாழ்வதை அறியார். அச்செய்தியைக் கூறினால் மாணவரின் ஆர்வம் எளிதில் எழும்.

பல்லி விழுந்த உணவு நஞ்சு என்னும் எண்ணமும் பரவியுள்ளது. நம் நாட்டுப் பல்லிகளுக்கு நச்சுச் சுரப்பிகள் இல்லை. எனினும் அவற்றின் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். ஆதலால் பல்லி விழுந்த உணவை உண்ணாதிருப்பது சரி. அதற்குக் காரணம் பல்லியின் நஞ்சு என்பது தவறு. பழக்கம் சரியாகவும் காரணம் தவறாகவும் இருக்கலாம் என்பதை மாணவர்க்கு உணர்த்த இது ஏற்ற பாடம்.

பள்ளியில் செய்யத்தக்கவை

தங்கப் பல்லி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைப் பிடிப்பதும், கூண்டிலடைப்பதும், முட்டைகளை எடுப்பதும் குற்றமாகும். பாடத்துக்கு வீட்டுப் பல்லியே போதும். பின்வருவனவற்றை ஆசிரியர்கள் செய்து காட்டலாம்.

1. சன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பல்லி ஏறும் இரவில், உட்புறத்திலிருந்து பூதக்கண்ணாடியால் அதன் பாதத்தை நோக்குக. விரலடியிலுள்ள மடிப்புகளும், விரல் நுனியிலிருந்து சுருண்டு எழும் முறையும் தெரியும்.

2. ஒட்டுக் காகிதம் ஒன்றை மேசையில் ஒட்டி, முதலில் மூலையிலிருந்து உரித்தும், பின்னர் நேராக இழுத்தும் பார்க்கச் செய்க. இரண்டுக்கும் வேண்டிய விசையின் வேறுபாட்டை மாணவர் கையாலேயே உணர்வர்.

3. அலமாரியின் பின்புறம், கதவு இடுக்கு, படங்களின் பின்புறம் ஆகிய இடங்களில் ஒட்டியுள்ள முட்டைகளையும் பழைய ஓடுகளையும் தொடாமல் எண்ணிக் குறிக்கச் செய்க. ஒரே இடத்தில் எத்தனை முட்டைகள் உள்ளன, எத்தனை பொரித்தவை என்பதை அட்டவணையாக்குக.

4. வாலிழந்த பல்லி ஒன்று வகுப்பறையில் இருந்தால், வாரம் ஒருமுறை அதன் புது வாலை நோக்கிப் படம் வரைக. புது வாலினுள் முதுகெலும்பின் கணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. ஒரு குருத்தெலும்புத் தண்டே அமைகிறது. வால் கொழுப்பைச் சேமித்து வைக்கும் உறுப்பாதலால், அதை இழப்பது பல்லிக்குப் பெரும் செலவு. ஆகவே வேடிக்கைக்காக வாலைத் தட்டுதல் கூடாது.

கள ஊழியர் கவனத்துக்கு

திருமலையைச் சூழ்ந்த காடு 1989-இல் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தது. செஞ்சந்தன மரத்துக்குப் பெயர்பெற்ற இக்காட்டில் சிறுத்தை முதலிய விலங்குகளும் உலவுவதால், வனத்துறையின் அனுமதியும் துணையும் இன்றி இரவில் செல்லுதல் கூடாது. முட்டைச் சுவர்களைப் பகலிலேயே கண்டு குறிக்கலாம். பல்லியைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: நாளும் நேரமும், பாறை முகம் நோக்கும் திசை, தரையிலிருந்து முட்டைகளின் உயரம், நீர்க்கசிவு எவ்வளவு தூரத்தில் உள்ளது, முழு முட்டைகள் எத்தனை, பொரித்த ஓடுகள் எத்தனை, வெறும் வளையங்கள் எத்தனை. முழு முட்டைகளையும் வளையங்களையும் சேர்த்து எண்ணினால், பல ஆண்டுகளின் தொகை ஓராண்டின் தொகையாகிவிடும். இப்பிழை எளிதில் நேரக்கூடியது. ஒரே சுவரை ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் பார்த்து வந்தால், பல்லிகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்பதற்கு அச்சுவரே சான்று கூறும்.

பாறையில் பெயர் எழுதுதல், சுண்ணாம்பு அல்லது வண்ணம் பூசுதல், பாறைக் கூரையின் அடியில் அடுப்பு மூட்டுதல், இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தல், வெள்ளைப் புள்ளிகளை அழுக்கென்று கருதிச் சுரண்டித் துடைத்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். இவற்றுள் எதையும் பல்லிக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தோடு எவரும் செய்வதில்லை. தூய்மைப் பணியாகவோ அழகுபடுத்தும் பணியாகவோ கருதியே செய்கின்றனர். ஆதலால் தண்டனையைக் கூறுவதற்கு முன் செய்தியைக் கூறுவதே பயன் தரும். பாறையின் மேலுள்ள அவ்வெண்ணிற வளையங்கள் எவை என்பதை ஒரு முறை அறிந்தவர், மறுமுறை அவற்றின்மேல் தூரிகையை வைக்கத் தயங்குவார்.

நூறாண்டுக்கு மேல் இப்பல்லி காணப்படாதிருந்தபோதும் அது அழிந்துவிடவில்லை. பாறையும் நிழலும் நீர்க்கசிவும் மாறாதிருந்தமையால், தாய்ப் பல்லிகள் அதே சுவர்களில் ஆண்டுதோறும் முட்டையிட்டு வந்தன. இன்று அதன் பெயர் பலருக்கும் தெரியும், படங்களும் கிடைக்கின்றன. பாறை முகங்கள் கெடாமல் இருந்தாலன்றி, இவ்வறிவு எதுவும் அதற்கு உதவாது. தங்கப் பல்லியைக் காப்பது என்பதன் பொருள், அதன் முட்டைச் சுவர் எங்கே உள்ளது என்பதை அறிந்து, அதனை உள்ளவாறே விட்டுவைப்பதாம்.